கையைத் தூக்குங்க மேடம்

அந்த மாலின் பெண்கள் வாசலில் ஒரு நீலத் திரை தொங்கும். திரைக்குப் பின்னால் ஒரு மரப்பலகை, ஒரு மேஜை, மேஜைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை. உள்ளே வரும் பெண்களைச் சோதித்து அனுப்பும் அவளுக்கு அவ்வளவுதான் ஆபீஸ். நாற்காலி கிடையாது. நாற்காலி போட்டால் உட்கார்ந்துவிடுவார்களாம். உட்காரத்தானே நாற்காலி என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு மீட்டிங் போட்டு எல்லோரையும் நிற்க வைத்திருப்பார்கள்.

"கையைத் தூக்குங்க மேடம். திரும்புங்க. போகலாம்."

கடை திறந்ததிலிருந்து அடுத்த ஷிப்ட்காரி வரும்வரை இந்த மூன்று வாக்கியம்தான். தோளில் ஆரம்பித்து இடுப்பு, பாக்கெட், முட்டி என்று கை தானாக இறங்கும். மூளைக்கு அங்கே வேலையே இல்லை, லீவு போட்டுவிட்டுப் போய்விடலாம். உள்ளே கடைகளில் வேலை செய்யும் பெண்கள் அவளைச் செக்கிங் அக்கா என்பார்கள். வெளியிலிருந்து வருகிறவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கதவுக்கு யாராவது வணக்கம் சொல்வார்களா?

கூடையில் லைட்டர், பிளேடு, சூயிங்கம், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேரும். ஒருநாள் ஒரு சுத்தியல் சேர்ந்தது. எதற்கும்மா இது என்று கேட்டதற்கு அந்த அம்மாள், "ஹேண்ட்பேக்ல எப்பவும் இருக்கும்" என்றாள், ஏதோ சீப்பைப் பற்றிச் சொல்வதுபோல. இன்னொரு நாள் ஒருத்தி தோளில் கை பட்டதுமே அழ ஆரம்பித்துவிட்டாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. என்ன ஏது என்று கேட்க நேரமில்லை. கையை எடுக்கவும் மனசு வரவில்லை. அந்தப் பெண்ணின் ஒரு பாக்கெட்டையே ரொம்ப நேரம் துழாவுவதுபோல நடித்துவிட்டு, "போகலாம்" என்று மெதுவாகச் சொன்னாள்.

சாயங்காலத்துக்குள் ஊரில் உள்ள அத்தனை செண்டும் அவள் சட்டையில் ஏறியிருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் ஏதோ பெரிய இடம் என்று கொஞ்சம் நகர்ந்து உட்காருவார்கள். பெரிய இடம் அதற்குள் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிப்போயிருக்கும்.

வீடு மாடியில். கீழ்வீட்டில் அவள் புருஷனின் அக்கா தையல் மெஷினோடு குடியிருந்தாள். இவளுக்கு அண்ணி, பொடிசுக்கு அத்தை. பொடிசு என்பது இவளுடைய மகள், ஒன்றாம் வகுப்பு. பெயருக்கு ஏற்ற உயரம். வாய் மட்டும் பத்தாம் வகுப்பு. பள்ளி விட்டதும் பொடிசு அத்தை வீட்டு வெட்டுமேஜைக்கு அடியில் குடியேறிவிடும். காந்தத்தால் கீழே சிந்திய குண்டூசிகளைப் பிடிப்பதுதான் அங்கே அதன் உத்தியோகம். அம்மா வந்ததும் உத்தியோகத்தை ராஜினாமா செய்துவிட்டு மாடிக்கு ஓடும்.

அந்த விளையாட்டை யாரும் திட்டம் போட்டு ஆரம்பிக்கவில்லை. ஒரு சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் வாசலில் நின்றிருந்தாள். கால் ரெண்டும் வேறு யாருடையவோபோல இருந்தன. பொடிசு ஓடிவந்து இடுப்பில் மோதியது. அவள் வாய் அவளைக் கேட்காமலே சொன்னது:

"கையைத் தூக்குங்க மேடம்."

பொடிசு தூக்கியது. அவள் கையும் அவளைக் கேட்காமல் தோள், இடுப்பு, பாக்கெட் என்று இறங்கியது. பாக்கெட்டில் ஒரு உடைந்த கிரேயான்.

"இதெல்லாம் உள்ள எடுத்துட்டுப் போகக் கூடாது மேடம்."

பொடிசு சிரித்த சிரிப்பில் ஜட்டி நனையப் பார்த்தது. மாலில் பீப் என்று கத்தும் மெட்டல் டிடெக்டர் வீட்டில் இல்லாத குறைக்கு அவள் அதன் மூக்கை ஒரு அமுக்கு அமுக்கி, "பீப். போகலாம்" என்றாள்.

மறுநாள் கதவைத் திறக்கும்போதே பொடிசு கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. "திரும்புங்க" என்றதும் சுவரைப் பார்த்துத் திரும்பியது. அதற்கும் மறுநாள் அத்தையிடம் போய், எல்லாக் கவுனுக்கும் பாக்கெட் வேண்டும் என்று அடம்பிடித்தது. இருந்த பாக்கெட் போதாதாம். அத்தை திட்டிக்கொண்டே வெட்டுத்துணிகளில் தைத்துக் கொடுத்தாள். பூப்போட்ட கவுனில் கோடுபோட்ட பாக்கெட், வயிற்றுக்கு நடுவில். பார்ப்பதற்குக் கங்காருவின் தூரத்துச் சொந்தம் மாதிரி இருந்தது.

பள்ளிக்கூடத்துச் சாமானெல்லாம் யூனிஃபார்மிலிருந்து அந்தக் கவுன் பாக்கெட்டுகளுக்கு இடம் மாறும். அவற்றில்தான் அவளுக்குச் செய்தி வந்தது. பாதியாக உடைந்த ரப்பர் இருந்தால் பெஞ்சில் சண்டை. கடித்த பிஸ்கட் இருந்தால் சமாதானம். நட்சத்திர ஸ்டிக்கர் இருந்தால் எழுத்து குண்டாக வந்திருக்கிறது. ஒருநாள் ஒரு பல். பொடிசின் முன்பல். விழுந்ததைச் சொல்லவே இல்லை, கையைத் தூக்கிக்கொண்டு வாயை இறுக மூடி நின்றது. பாக்கெட்டிலிருந்து பல்லை எடுத்ததும்தான் வாயைத் திறந்து ஓட்டையைக் காட்டியது. அன்றைக்கு அவளுக்கு முதுகுவலி கொஞ்ச நேரம் மறந்துபோயிருந்தது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பள்ளிக்கூடத்துக்கு ஒரு அதிகாரி வரும்வரை.

அதிகாரி வகுப்புக்குள் நுழைந்தார். எல்லாப் பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள். பொடிசு மட்டும் ரெண்டு கையையும் தூக்கி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. பிறகு தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "போகலாமா?" என்று கேட்டது.

வாசலில் யார் வந்தாலும் அப்படித்தான் செய்யவேண்டும் என்று அது நினைத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துப் பக்கத்து வரிசையும் கையைத் தூக்கியது. அதிகாரி தப்பான கட்டடத்துக்குள் வந்துவிட்டோமோ என்று வாசல் பலகையைத் திரும்பிப் பார்த்தாராம்.

மிஸ் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. வீட்ல யாராவது இவளை அடிக்கிறாங்களா?"

"இல்ல மிஸ். யாரும் அடிக்கிறதில்ல."

"சுவத்தைப் பார்த்துத் திரும்பி நிக்கிறா. எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு."

அவள் விஷயத்தைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது அசிங்கமாக இருந்தது. மிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

"நீங்க காலையில போனா சாயங்காலம்தான் வர்றீங்க, இல்லையா? இந்த வயசுல பிள்ளைக்கு அம்மா கூட இருக்கணும். வாசல்ல நின்னு தடவிப் பார்த்துட்டா போதுமா?"

அதற்குள் மிஸ்ஸின் போன் அடித்தது. "ஃபிரிட்ஜ்ல பாரு, மேல் தட்டுல. சூடு பண்ணித் தம்பிக்கும் குடு. அம்மா வர லேட்டாகும். அழக் கூடாது, வைக்கிறேன்." போனை வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "எங்க விட்டேன்?"

"அம்மா கூட இருக்கணும்னு சொன்னீங்க மிஸ்."

மிஸ் போனைக் கவிழ்த்து வைத்தார்.

செய்தி அவளுக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்திருந்தது. அத்தை ஊசியை வாயில் கடித்தபடியே ஆரம்பித்தாள்.

"திருடனை நிக்க வைக்கிற மாதிரி பிள்ளையை நிக்க வெச்சிருக்கே. இதுக்குத்தான் பாக்கெட் பாக்கெட்டா தெச்சுக் குடுத்தேனா? பெத்தவ வீட்ல இருந்தா இந்தக் கூத்தெல்லாம் நடக்குமா?"

"விளையாட்டு அண்ணி அது."

"வேலையை விட்டுத் தொலை. உன் தடவல் இல்லேன்னா அந்தக் கடை இடிஞ்சா விழுந்துடும்?"

அவள் மாடிக்கு வந்து, வேலைக்குப் போகவா வேண்டாமா என்று புருஷனிடம் கேட்டாள். அவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். நல்ல மனிதர். கேள்வி கேட்டால் மட்டும் எங்கேயாவது சிக்கிக்கொள்வார்.

"நான் போன்னும் சொல்லல, போகாதேன்னும் சொல்லல. உனக்கு எது சரின்னு படுதோ…"

"எப்பவும் இதே பேச்சு. ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கிற லிஃப்ட் மாதிரி."

"நடுவுல நின்னா யாருக்கும் அடிபடாதுல்ல?"

"உள்ள மாட்டிக்கிட்டவங்களுக்கு மூச்சு முட்டுங்க."

அவர் சோற்றைப் பிசைந்தார். பிசைந்தது வேண்டிய அளவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

அன்றோடு வாசல் செக்கிங் நின்றது. மறுநாள் பொடிசு கையைத் தூக்கி நின்றபோது அவள் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டாள். "வேண்டாம்டி. இனிமே இது வேண்டாம்." பொடிசு ஏன் என்று கேட்கவில்லை. எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கிற பிள்ளை கேட்காமல் போனதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

தூக்கம் கெட்டால் அந்த வேலையில் கை சும்மா இருக்காது. ஒருநாள் மத்தியானம், உயரமான ஒரு அம்மாள் வந்தாள். கறுப்புக் கண்ணாடி, குதிகால் செருப்பு, கைப்பைக்கே தனியாக ஒரு கைப்பை. தோள், இடுப்பு, பாக்கெட் எல்லாம் ஒழுங்காக முடிந்தது. முடிந்ததும் அவள் விரல் நேராகப் போய் அந்த அம்மாளின் மூக்கை ஒரு அமுக்கு அமுக்கியது.

"பீப். போகலாம்" என்றாள்.

அந்த அம்மாள் போகவில்லை. சூப்பர்வைசர் வந்தார். அவரை விசில் என்பார்கள். கழுத்தில் விசில் இல்லாத நாளில் சட்டை போடாதவர்போல நெளிவார்.

"மூக்குல என்ன இருந்துச்சுன்னு அமுக்கினீங்க?"

"ஒண்ணும் இல்ல சார்."

"பின்ன பீப்னு எது சத்தம் குடுத்துச்சு?"

"நான்தான் சார்."

விசில் அவளையே பார்த்தார். கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பையும் பார்த்தார். திட்டத்தான் வந்திருந்தார், திட்டு எங்கேயோ வழியில் இறங்கிக்கொண்டது.

"லீவு எடுத்துக்குங்க. ரெண்டு வாரம். அதுக்கு மேல இடத்தைக் காலியா வெச்சிருக்க முடியாது, வேற ஆள் வந்துடுவாங்க. வர்றதா இல்லையான்னு நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க."

அப்படித்தான் அவள் வீட்டில் இருக்க ஆரம்பித்தாள். முடிவு பண்ண வேண்டியது ஒன்றே ஒன்று: நீலத் திரையா, பொடிசா. கேள்வித்தாளில் அப்படித்தான் போட்டிருந்தது. ரெண்டில் ஒன்றை டிக் அடிக்க வேண்டும்.

முதல் நாள் பொடிசு பள்ளியிலிருந்து வந்து, அம்மா வீட்டில் இருப்பதைப் பார்த்து, மாடிப்படியில் ஏறி இறங்கி ஏறி ஆடியது. அவள் தலை வாரிவிட்டாள், கதை சொன்னாள், கதையின் நடுவில் அவளே தூங்கினாள். பொடிசு மீதிக் கதையைத் தானே சொல்லிக்கொண்டது.

பிறகு வீடு அவளைக் கண்டுபிடித்துவிட்டது. இத்தனை நாள் சும்மா கிடந்த அலமாரி, ஒட்டடை, ஒழுகுகிற குழாய் எல்லாம், ஓ நீ இங்கேதான் இருக்கிறாயா என்று வரிசையில் வந்து நின்றன. எதிர்வீட்டுக்காரி தன் பார்சலை வாங்கிவைக்கச் சொன்னாள். புருஷன் மத்தியானம் சாப்பிட வந்தார். உட்கார ஒரு நாற்காலி இருந்தது, அதன்மேல் மடிக்காத துணி உட்கார்ந்திருந்தது. பொடிசு வாசலில் வந்து நிற்கும்போது அவள் அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள்:

"வந்துட்டியா? யூனிஃபார்மைக் கழட்டு. சாப்பிட்டுட்டு வீட்டுப்பாடத்தை எடு."

இங்கேயும் மூன்று வாக்கியம்தான். அது அவளுக்கே உறைத்தபோது கையில் கரண்டி இருந்தது.

அந்த வார அழுக்குத் துணியையெல்லாம் பக்கெட்டில் ஊறப்போட்டபோது தண்ணீர் ஊதா நிறமானது. இது என்ன என்று துழாவினாள். கவுன் ஒவ்வொன்றிலும் பாக்கெட் உப்பியிருந்தது. கரைந்த கிரேயான், கூழான காகிதம், வழவழவென்று ஒரு நட்சத்திர ஸ்டிக்கர், பாதி ரப்பர், ஊறிப்போன பிஸ்கட், எட்டுக் காலில் ரெண்டு குறைந்த ஒரு பூச்சி. கடைசியாக ஒரு தகர பேட்ஜ். ஊசி லேசாகத் துருப்பிடித்துத் துணியில் கறை விட்டிருந்தது. 'வரிசைத் தலைவி' என்று எழுதியிருந்தது.

ஒரு வாரச் செய்தி மொத்தமும் சோப்புத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

பொடிசு பள்ளியிலிருந்து வந்ததும் பேட்ஜை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

"இது எப்படி குடுத்தாங்க?"

"கையில குடுத்தாங்க."

"அடியே, எப்போ குடுத்தாங்க?"

"அப்பவே குடுத்தாங்க."

"ஏன்டி சொல்லல?"

"நீ செக் பண்ணல."

"நான் வீட்லயேதானே இருக்கேன்? வாயால சொல்ல வேண்டியதுதானே?"

பொடிசு அவளை, கணக்கு வராத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தது.

"நீ வீட்லயே இருந்தா எப்படிம்மா? நீ வாசல்ல வந்தாத்தானே செக்கிங்? போனாத்தானே வருவே?"

சொல்லிவிட்டு அது பிஸ்கட் டப்பாவைத் தேடப் போய்விட்டது. அதற்கு அது வெறும் விளையாட்டு விதி. கண்ணாமூச்சியில் ஒருத்தர் ஒளிய வேண்டும் என்பது மாதிரி.

அவள் பேட்ஜைத் துடைத்துக்கொண்டே கீழே இறங்கினாள். அத்தை மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள், தைக்காமல். வெட்டுமேஜைக்கு அடியில் குண்டூசிகள் அப்படியே சிந்திக் கிடந்தன. காந்தம் ஓரமாகக் கிடந்தது.

"என்ன அண்ணி, ஊசியெல்லாம் கீழயே கிடக்கு?"

"பொறுக்குற ஆள் மாடியிலயே இருக்காளே. எனக்குக் குனிய வருதா?"

அவள் தரையில் உட்கார்ந்து காந்தத்தை எடுத்தாள். ஊசிகள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டன.

"அண்ணி, நீங்க பிள்ளைகளோட வீட்லயேதான் இருந்தீங்க. எப்படி இருந்துச்சு?"

அத்தை சக்கரத்தில் கையை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"இருந்தேன். மெஷினும் இங்கயேதான் இருந்துச்சு. என் பையன் வந்து அம்மான்னா, இருடா, இந்த ஒரு தையல் முடியட்டும்பேன். முடிஞ்சதும் அடுத்த துணி வந்துடும். இப்ப அவனுக்குப் போன் போட்டா, இரும்மா, ஒரு வேலை முடியட்டும், அப்புறம் பேசுறேங்கிறான்." ஒரு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அவன்மேல கோபமே வரல. என் குரல் மாதிரியே இருக்கு."

"அப்ப வேலையை விடுன்னு என்கிட்ட கத்தினீங்களே?"

"கத்தினேன். முட்டி வலிக்குது, கண்ணு தெரியல, யார்மேலயாவது எரிஞ்சு விழ வேண்டாமா? என் தம்பிமேல விழலாம்னா அவன் பதிலே சொல்லமாட்டான். நீதான் கொஞ்சமாவது பதில் பேசுவே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பில்லாமல் பாதியில் விட்டுவிட்டாள்.

"எனக்கு ரெண்டு இடத்திலயும் தூக்கம்தான் வருது அண்ணி."

"வரட்டுமே. நான் மட்டும் என்ன, தூங்கியா எழுந்தேன்?" அத்தை மெஷினைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீ போறதுன்னா போ. பிள்ளையை இங்க அனுப்பு. ஊசி குத்திச் சாக முடியாது எனக்கு."

லீவு முடியும் முன்பே அவள் விசிலுக்குப் போன் செய்தாள்.

"வர்றேன் சார். ஒரு நாற்காலி வேணும்."

"நாற்காலியா? மேல கேக்கணுமே."

"கேளுங்க சார். இல்லேன்னா இன்னும் எத்தனை பேர் மூக்கை அமுக்குவேன்னு எனக்கே தெரியாது."

நாற்காலி வரவில்லை. ஒரு கால் குட்டையான ஸ்டூல் வந்தது. வரிசை இல்லாதபோது அதன்மேல் ஆடிக்கொண்டே உட்காரலாம். பழையபடி தோள், இடுப்பு, பாக்கெட், முட்டி. பழையபடி செண்டு. கால் வலியும் அவள் வரட்டும் என்று காத்திருந்ததுபோல முதல் மணி நேரத்திலேயே வந்து சேர்ந்துகொண்டது.

பொடிசிடம் முன்னாலேயே சொல்லிவைத்திருந்தாள்: ஸ்கூலில் யார் வந்தாலும் கையைத் தூக்கக் கூடாது, திரும்பி நிற்கக் கூடாது. நம் வீட்டு வாசலில், அம்மாவிடம் மட்டும்தான். "அத்தைகிட்ட?" என்று கேட்டது. யோசித்து, "அத்தைகிட்டயும்" என்றாள்.

அன்று சாயங்காலம் படியேறி வந்தபோது பொடிசு வாசலில் நின்றிருந்தது. கையைத் தூக்கவில்லை. நெஞ்சில் பேட்ஜ் குத்தியிருந்தது. ஒரு கையில் அத்தை வீட்டுக் காந்தம்.

"கையைத் தூக்குங்க மேடம்."

"நானா?"

"வெளியில இருந்து வர்றது யாரு? தூக்குங்க மேடம், பின்னாடி கூட்டம் நிக்குது."

பின்னால் புருஷன் மட்டும் டூல்ஸ் பையோடு நின்றுகொண்டிருந்தார். அவள் கையைத் தூக்கினாள். நாளெல்லாம் ஊரையே கை தூக்க வைத்தவளுக்கு அது இவ்வளவு கனமாக இருக்கும் என்று தெரியாது. தோளில் எங்கேயோ மளுக்கென்றது. கண் தானாக மூடிக்கொண்டது. சின்னக் கை ரெண்டும் இடுப்பைத் தட்டி, பேண்ட் பாக்கெட்டைத் துழாவி, எம்பி எம்பிச் சட்டைப் பாக்கெட்டுக்குப் போயின. அங்கே ஒரு காகிதப் பொட்டலம். பிரித்ததும் உள்ளே ஒரு பல்.

"ஐ, இது என் பல்லு!"

"ம்."

"இதை எதுக்கு வேலைக்கு எடுத்துட்டுப் போறே?"

"சும்மா. இருக்கட்டும்னுதான்."

பொடிசு பல்லைக் காந்தத்தில் ஒட்டிப் பார்த்தது. ஒட்டவில்லை. சட்டம் என்றால் சட்டம்தான் என்று அதைச் செருப்பு அலமாரிமேல் வைத்தது.

"இதெல்லாம் உள்ள எடுத்துட்டுப் போகக் கூடாது மேடம். காலையில போறப்ப வாங்கிக்குங்க."

பிறகு மூக்கைப் பார்த்தது. எட்டவில்லை.

"குனி."

"முடியலடி. முட்டி மடங்கல."

"குனிஞ்சாத்தான் போகலாம்."

புருஷன் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து, பொடிசை இடுப்பில் பிடித்து மெதுவாக மேலே தூக்கினார். சரியாக மூக்கு உயரத்தில் நிறுத்தினார்.